அப்பா தூம்பு தேடிய ஏரி

2023 ஜூன் மாதம் என் மகள் மூன்றாம் வகுப்பு. ஜூன் 27 கெம்பே கவுடர் ஜெயந்தி. பள்ளியில் அவரைப் பற்றிக் கன்னடத்தில் எட்டு வரி பேசவேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் நடந்துகொண்டே அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். முதல் வரியே "1537-இல் நாடபிரபு கெம்பே கவுடர் பெங்களூரு நகரத்தை நிறுவினார்" என்பதுதான். நான் சமையலறையிலிருந்தபடியே, "அது அப்படி இல்லடா. அவருக்கு அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே பெங்களூர் இருந்துச்சு. நம்ம பேகூர் கோயில் கல்லிலேயே எழுதியிருக்கு" என்றேன். அவள் நின்றுவிட்டாள். "மிஸ் இதைத்தாம்மா எழுதிக் குடுத்தாங்க" என்றாள். "எழுதினது எழுதினபடியே பேசு. ஆனா உண்மை வேற" என்று முடித்துவிட்டேன். அவளும் எழுதிக் கொடுத்தபடி பேசிவிட்டு வந்தாள். அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது என்று அவள் தோழியின் அம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு இந்த விஷயம் என்னை விடவில்லை. நான் சொன்னதில் பிழை இல்லை. நாங்கள் குடியிருக்கும் பேகூரில் நாகேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே கங்கர் காலத்து வீரக்கல்லில், ஏறக்குறைய கி.பி. 890-ஐச் சேர்ந்த எழுத்தில், பெங்களூருவில் நடந்த ஒரு சண்டை குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடம் அதுதான் என்கிறார்கள். ஹெப்பாள் பக்கம் கொடிகேஹள்ளியை ஒட்டி ஹளே பெங்களூரு, அதாவது பழைய பெங்களூர், என்று ஒரு சிற்றூரே இருந்திருக்கிறது. கெம்பே கவுடரின் தாயாரும் மனைவியும் அந்த ஊர்க்காரர்கள், அதனால்தான் தான் கட்டிய புது ஊருக்கும் அந்தப் பெயரையே வைத்தார் என்று சொல்வார்கள். ஹொய்சள மன்னர் வீர பல்லாளருக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' என்று ஊருக்குப் பெயர் வந்த கதையைப் பெங்களூருக்கு வேலைக்கு வந்த எல்லாரும் முதல் மாதத்திலேயே கேட்டிருப்பார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, கெம்பே கவுடர் ஒரு பாளையக்காரர், இருந்த ஊருக்குப் பக்கத்தில் மண்கோட்டை கட்டினார், அவ்வளவுதான் என்று பல வருடங்களாக நான் பேசி வந்திருக்கிறேன். வருடக்கணக்கு சரிதான். ஆனால் குழந்தையிடம் நான் உண்மையில் சொன்னது, அந்த மனிதர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான். அது எனக்கே உறுத்தியது. அவர் என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லையே.

ஏர் உழுத நாற்சந்தி

பாளையக்காரர் என்று சொன்னாலே நமக்கு ஒரு படம் மனதில் வந்துவிடும். மதுரையில் விசுவநாத நாயக்கர் 72 பாளையங்களாகப் பிரித்தார் என்று பள்ளியில் படித்தோமே, கெம்பே கவுடரும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஆள்தான். 1510-இல் பிறந்து 1569-இல் மறைந்தவர். எலஹங்காவை ஆண்ட சிற்றரசர் குடும்பம், விசயநகரத்துக்குக் கட்டுப்பட்டது. நாடபிரபு என்பது பட்டம். மொரசு ஒக்கலிகர் குலத்தவர். அந்தக் குலத்தின் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு நெருக்கடிக்குத் தப்பி, மாட்டு வண்டியில் வடமேற்காக வந்தவர்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நெருக்கம் வந்ததை மறைக்க மாட்டேன். அந்தக் குலத்தில், பிள்ளைகளுக்குக் காது குத்தும் முன் தாயின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிக் காணிக்கை கொடுக்கும் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. அதை நிறுத்த முயன்றவர் என்றும் இவரைச் சொல்கிறார்கள்.

ஊர் கட்டிய கதையும் நமக்குத் தெரிந்த கதை மாதிரிதான் தொடங்கும். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு முயல் வேட்டை நாயைத் திருப்பித் துரத்துகிறது. வீரம் விளையும் மண் இது என்று அங்கேயே கோட்டை கட்ட முடிவாகிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கு இதே கதை உண்டு, விசயநகரத்துக்கும் உண்டு. ஆகவே முயலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏர் பூட்டிய கதைதான் என்னை இழுத்தது. நல்ல நாள் பார்த்து, இப்போது அவென்யூ ரோடு என்று சொல்லும் தொட்டபேட்டைத் தெருவும் சிக்கபேட்டைத் தெருவும் சந்திக்கும் இடத்தில் நான்கு ஏர்களில் வெள்ளை மாடுகளைப் பூட்டி, நான்கு திசைக்கும் ஓட்டிவிட்டார்களாம். மாடுகள் போன தடம் தெருவாயிற்று. போய் நின்ற இடங்கள் ஹலசூரு, எலஹங்கா, ஆனேக்கல் என்று வாசல்களாயின. வாசலுக்கு உள்ளே சரக்குக்கு ஒரு பேட்டையாக ஒதுக்கினார். அரிசிக்கு அக்கிபேட்டை, பஞ்சுக்கு அரளேபேட்டை, ராகிக்கு ராகிபேட்டை, வளையலுக்கு பளேபேட்டை. குயவருக்கு கும்பாரபேட்டை, எண்ணெய் ஆட்டும் செக்கு வைத்திருந்தவர்களுக்கு காணிகரபேட்டை. இவற்றில் பல பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை சிக்கபேட்டை மெட்ரோவில் இறங்கி அந்தச் சந்திக்குப் போனேன். சேலை மூட்டை தலையில் சுமந்தபடி ஒருவர் "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். இருபுறமும் பித்தளைப் பாத்திரம், கல்யாணப் பத்திரிகை, ஜரிகை, பழைய புத்தகம். முன்பும் பலமுறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. அன்று நின்று பார்த்தபோது ஒன்று புரிந்தது. அரண்மனையை நடுவில் வைத்துக் கட்டிய ஊர் இல்லை இது. இதன் நடுவில் இருப்பது கடைத்தெரு. செட்டியும் நெசவாளியும் செக்காரரும் வந்து குடியேற, அவரவருக்கு இடம் ஒதுக்கி அழைத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். விசயநகரத்து அச்சுதராயர் இந்த வேலைக்காகப் பன்னிரண்டு ஹோபளிகளையும், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவுகளையும், அவற்றின் முப்பதாயிரம் வராகன் வருமானத்தையும் விட்டுக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அதை வாளும் குதிரையும் வாங்கவே செலவழித்திருக்கலாம். அவர் அதைக் கடைத்தெருவில் கொட்டியிருக்கிறார். பின்னால் தன் பெயரில் நாணயமும் அடித்தார். பேரரசின் அனுமதி இல்லாமல் அடித்தது குற்றமாகி, ஆனேகுந்தியில் ஐந்து வருடம் சிறையில் கிடந்தார். வியாபாரம் பெருகிய ஊருக்குச் சில்லறை வேண்டியிருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோட்டை வாசலைச் சொல்லும்போது லட்சுமம்மாவைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. வாசல் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் நிற்கும் என்று யாரோ சொல்ல, கெம்பே கவுடர் மறுத்துவிட்டாராம். மருமகள் லட்சுமம்மா, நிறைமாதக்காரி, இரவில் தனியாகப் போய்த் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டாள் என்று கதை. கோரமங்களாவில் அவருக்கு நினைவிடமும் கோயிலும் உண்டு. அந்தப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் போய் நின்றேன். வாசலை நிறுத்த ஒரு பெண்ணின் சாவு தேவைப்பட்டது என்று நானூறு ஐந்நூறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். தானாகவே விரும்பிப் போனாள் என்றும் சேர்த்துப் பாடுகிறோம். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை வரவே இல்லை. அந்தப் பெண்ணின் மேல்தான் நினைவு போய் நின்றது. கதையில் அவள் பெயராவது மிஞ்சியது. பெயர் மிஞ்சாதவர்கள் எத்தனை பேர்.

சரி, சந்தையைக் கட்டியவர் என்று பாதி சமாதானம் ஆகியிருந்தேன். ஆனாலும் சந்தை எங்கும் கூடும். இந்த இடம் எதற்கு? ஆறு இல்லாத மேடு இது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, ஹம்பிக்குத் துங்கபத்திரை என்று ஊர்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். இங்கே பிடித்துக்கொள்ள என்ன இருந்தது? அதற்கான பதிலை அடுத்த வருடம் அப்பாதான் காட்டினார்.

2024 மார்ச்

அந்த மார்ச் மாதத்தைப் பெங்களூரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்தைய வருடம் மழை பொய்த்துவிட்டது. நகரத்து ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் குடியிருப்பில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தண்ணீர். லாரி வரும் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். ஒருநாள் லாரி வரவே இல்லை. இரண்டு குடம் தண்ணீரில் ஒரு குடும்பம் ஒரு நாளை எப்படிக் கழிக்கும் என்று அன்றுதான் நான் கற்றேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். தண்டராம்பட்டு பக்கம் எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நன்செய். "இப்ப வராதீங்கப்பா, தண்ணி இல்ல" என்று போனில் சொல்லிப் பார்த்தேன். "நான் என்ன உன் வீட்ல குளிக்கவா வரேன், புள்ளையப் பாக்க வரேன்" என்றார். மெஜஸ்டிக்கில் இறங்கியவரை அழைத்துவரப் போனேன். பேருந்து நிலையத்துக்கும் கெம்பே கவுடர் பெயர்தான், பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பையை வாங்கிக்கொண்டு நடந்தபடியே, "அப்பா, இந்த பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடம் முன்னே ஏரி. தர்மாம்புதின்னு பேரு. கெம்பே கவுடர் வெட்டினதுன்னு சொல்வாங்க" என்றேன், ஏதோ பேச்சுக்காக. அவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார். ரயில் நிலையப் பக்கம் பார்த்தார், சாலை ஏறிப்போகும் பக்கம் பார்த்தார். "ஆமா, பள்ளமாத்தான் இருக்கு" என்றார். பதினேழு வருடமாக அந்த இடத்தில் ஏறி இறங்குகிறேன். அது பள்ளம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"வேற ஏரி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று மறுநாள் கேட்டார். கெம்பாம்புதி ஏரிக்கு அழைத்துப் போனேன். கவிபுரத்துக்குக் கீழே, கவி கங்காதரேசுவரர் குகைக்கோயிலுக்கு அருகில் இருக்கிறது. குலதெய்வம் கெம்பம்மாவின் பெயரில் கெம்பே கவுடர் வெட்டிய ஏரி என்பார்கள். நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று அங்கேதான் நிற்கிறது. மற்ற மூன்றும் லால்பாக் பாறைமேல், அலசூர் ஏரிக்கரையில், மேக்ரி சர்க்கிள் பக்கத்தில் இருக்கின்றன. ஊர் இந்த எல்லைவரைக்கும் வளரும் என்று குறித்து வைத்ததாகச் சொல்வார்கள். நான்கையும் எழுப்பியது அவருடைய வழிவந்த இம்மடி, அதாவது இரண்டாம், கெம்பே கவுடர் என்றும் சொல்வதுண்டு. அப்பாவுக்குக் கோபுரத்தில் அக்கறை இல்லை. கரைமேல் ஏறினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் அப்படித்தான் ஏறுவார்.

கழிவுநீர் வாடை இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்து மேட்டையும் அதன் பாறைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம். அப்புறம் என்னிடம், "இங்க பாரும்மா. அந்தப் பக்கம் பூரா மேடு, பாறை. பெய்யற மழை உள்ள எறங்காது, வழிஞ்சு இங்கதான் வந்தாகணும். மீதி எடத்துக்குக் கரை போட்டா போதும். செலவு கம்மி, தண்ணி ஜாஸ்தி. எடம் பாத்தவன் தண்ணி தெரிஞ்சவன்" என்றார். பிறகு, "இதுக்குத் தூம்பு எங்க?" என்று, ஏரித் தண்ணீரை வெளியே திறந்துவிடும் மடையைத் தேட ஆரம்பித்தார். கரையோரம் குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தார். தூம்பு கிடைக்கவில்லை. எதிரே ஒரு பெரியவர் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வந்தார். அப்பா அவரிடம் நேராகத் தமிழில், "ஏங்க, இந்த ஏரிக்குத் தூம்பு எங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டார். நான் கன்னடத்தில் விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அந்த அஜ்ஜா, "தூபா?" என்றார். கையைக் கீழ்நோக்கி வைத்து, தண்ணீர் திறந்துவிடுகிற மாதிரி காட்டினார். "அதேதான்" என்றார் அப்பா.

அப்புறம் அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் கன்னடத்தில். எனக்கு வேலையே இல்லை. தூபு அந்த மூலையில் இருந்தது, தான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன், இப்போது இல்லை என்றார் அஜ்ஜா. கோடி எந்தப் பக்கம் என்றார் அப்பா. எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிவதைக் கோடி போகிறது என்றுதான் சொல்வோம். கன்னடத்திலும் கோடி கோடிதான். நீர் பாய்ச்சுகிற ஆளை எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்போம், அவர் நீருகண்டி என்றார். ஏரி வெட்டியது யார் என்று அப்பா கேட்டார். அஜ்ஜா "கெம்பே கவுடரு" என்றார். "அது சரி, மண்ணு வெட்டினது?" என்றார் அப்பா. அஜ்ஜா சிரித்துவிட்டு, போவி ஜனங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் போயர் என்போம். ஏரி வெட்டுவதில் பேர்போனவர்கள். அப்பா தலையாட்டினார். அவருக்கு அப்போதுதான் அந்த ஏரி முழுமையானது போலிருந்தது.

கரையிலிருந்து இறங்கும்போது அஜ்ஜா ஒரு வரி சொன்னார். கெம்பே கவுடருடைய தாயார் சொன்னதாக இந்த ஊரில் பலருக்கும் தெரிந்த வரி. "கெரெகளம் கட்டு, மரகளம் நெடு." நான் அதைப் பெயர்த்துச் சொல்லவில்லை. அப்பாவே, "ஏரி கட்டு, மரம் நடு. அவ்வளவுதானே?" என்றார்.

மேட்டின் இரண்டு பக்கம்

எனக்கு முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. ஆறு இல்லாத மேட்டில் ஒரு சந்தையைக் கூட்டவேண்டுமானால் முதலில் மழையைப் பிடித்து நிறுத்தவேண்டும். சந்தைக்கு வந்த வண்டி மாடு குடிக்கவேண்டும், சாயம் போடுகிறவருக்கும் குயவருக்கும் தண்ணீர் வேண்டும், வந்தவர்களுக்குச் சோறு போட நெல்லும் ராகியும் விளையவேண்டும். பெயர் பழையதாக இருக்கலாம், ஊர் ஒன்று பக்கத்தில் இருந்திருக்கலாம். "இத்தனை பேரை இங்கே வரச்சொல்கிறேன், அவர்கள் தண்ணீருக்கு நான் பொறுப்பு" என்று ஏற்ற ஒருவர் வேண்டியிருந்தது. தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி என்று கோட்டையைச் சுற்றி ஏரிகள் அவர் பெயரோடு வருவது அதனால்தான். அவர் காலத்துக்கு முன்னும் இங்கே ஏரிகள் இருந்தன, பின்னால் வந்தவர்களும் வெட்டினார்கள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு என்று சங்கிலியாக வெட்டிக்கொண்டே போன ஒரு பழக்கம் அது. நகரத்தை நிறுவினார் என்ற சொல்லை இப்போது நான் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பொருளில் அது முழு உண்மை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா இன்னொன்று கேட்டார். "இந்தத் தண்ணியெல்லாம் கடைசியா எங்க போவுது?" இந்த ஊர் ஒரு முதுகு மேட்டின்மேல் இருக்கிறது. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் சேரும். கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினிக்குப் போகும். அதைத்தான் நாம் தென்பெண்ணை என்கிறோம். ஒசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, பிறகு எங்கள் சாத்தனூர். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கெலவரப்பள்ளியில் மலை மலையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருக்கிறார். "அப்ப உன் வீட்டு சாக்கடைத் தண்ணியும் நம்ம டேமுக்குத்தான் வருதா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். ஆனால் எனக்குச் சுட்டது. குடிப்பதற்குக் காவிரியை நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறோம். மேட்டின்மேல் விழுகிற மழையைச் சாக்கடையாக்கி இரண்டு பக்கமும் கீழே அனுப்புகிறோம். நான் இந்த ஊரில் குடியிருக்கிறவள், கீழே இருக்கிற ஊரில் பிறந்தவள். இரண்டு பக்கமும் நான்தான்.

சம்பங்கி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னக் குளம் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். சித்திரை மாதப் பௌர்ணமியில் பெங்களூர் கரகம் நடக்கும்போது அதன் சடங்குகளுக்கு அந்தக் குளம் வேண்டும். கரகம் எடுப்பவர்கள் திகளர், தமிழோடு வேர் உள்ள தோட்டக்காரச் சமூகம். முன்பு அந்த ஏரித் தண்ணீரில்தான் அவர்கள் தோட்டம் போட்டார்கள். ஏரி போய், தோட்டம் போய், கரகத்துக்காக அந்தக் குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வருடம் கரகத்தன்று இரவு பேட்டைத் தெருவில் மல்லிகை வாசத்துக்கு நடுவில் நின்றிருந்தபோது, எனக்கு நினைப்பெல்லாம் அந்தக் குளத்தின்மேல்தான் இருந்தது.

விமான நிலையத்தில் 108 அடிச் சிலை இருக்கிறது. 2022 நவம்பர் 11-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். கையில் வாள், முறுக்கிய மீசை. கம்பீரமான சிலைதான், பார்க்கும்போது மதிப்பு வருகிறது. அவர் எப்படி இருந்தார் என்பதற்கு நெருக்கமாக ஏதாவது இருக்குமானால் அது பெங்களூருக்கு வடமேற்கே உள்ள சிவகங்கை மலைக் கோயிலில் இருக்கும் உலோகச் சிலைதான். அவர் மறைந்து நாற்பது வருடம் கழித்து, 1609-இல் வைத்ததாகச் சொல்கிறார்கள். அதில் அவர் கைகூப்பி நிற்கிறார். எனக்கு அந்தக் கெம்பே கவுடரை அதிகம் பிடிக்கிறது. அவருடைய சமாதி என்று மாகடிக்கு அருகே கெம்பாபுரத்தில் ஒரு சிறு கல் மண்டபம் 2015-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. குணிகல்லிலிருந்து திரும்பி வரும்போது சண்டையில் இறந்தார் என்று அங்கே கல்லில் இருக்கிறது. ஊரைக் கட்டியவர் புதைந்த இடம் ஊருக்கே தெரியாமல் இத்தனை காலம் கிடந்திருக்கிறது. வம்சமும் பெங்களூரை வெகுகாலம் வைத்திருக்கவில்லை. 1638-இல் பீஜப்பூர்ப் படை பிடித்துக்கொண்டது, சிவாஜியின் அப்பா ஷாஹாஜிக்கு ஜாகீராகப் போயிற்று. கெம்பே கவுடர் வழியினர் மாகடிக்குப் போய்விட்டார்கள். 1728-இல் மைசூர் அதையும் எடுத்துக்கொண்டது.

ஜூன் வந்தது. 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்தது 133 வருடத்தில் இல்லை என்றார்கள். மூன்று மாதத்துக்கு முன் லாரிக்குக் காத்திருந்த அதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அப்பா போன் செய்து, "கெம்பாம்புதி ரொம்பிச்சா?" என்று கேட்டார். போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஜெயந்திக்கு இந்த முறையும் அவள்தான் பேசினாள். நான்காம் வகுப்பு, பத்து வரி, அவளே எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வரியை என்னிடம் காட்டினாள். "1537-இல் கெம்பே கவுடர் பெங்களூரு நகரத்தை நிறுவினார்" என்றே எழுதியிருந்தாள். போன வருடம் நான் சொன்னதை மனதில் வைத்திருந்திருக்கிறாள் போல, "இது சரியாம்மா?" என்று கேட்டாள். "சரி" என்றேன். கீழே ஏர் பூட்டியது, பேட்டைகள், லட்சுமம்மா, பிறகு ஏரி. ஏழாவது வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள்.

"அம்மா, தாத்தா தேடினாரே, அதுக்குக் கன்னடத்துல எப்படி எழுதணும்? தூபுவா, தூம்பா?"